கல்விப் பொருள்களைப் பயனர்களிடம் சோதித்தல்

கல்விப் பொருள்களைப் பயனர்களிடம் சோதித்தல் என்பது பாடநூல், பயிற்சி ஏடு, கற்றல் அட்டை, கல்வி நிகழ்ச்சி, கைப்பேசிச் செயலி போன்றவை உருவாகிக்கொண்டிருக்கும்போதே அவற்றை மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டறிந்து திருத்தும் முறையாகும். அச்சாகிப் பள்ளிகளுக்குப் போய்விட்ட நூலில் குறை தெரிந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தக் குறை பொருளின் குறையாகத் தெரியாமல், படிக்கும் பிள்ளையின் குறையாகவே தோன்றும். வளர்ச்சி நிலையிலேயே சோதிப்பதன் தேவை இதுதான்.

பெயரும் பின்னணியும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்னும் சொற்கள் மாணவர்களின் மதிப்பெண்ணோடு தொடர்புடையவை. முப்பருவ முறையில் முன்னதற்கு 40 மதிப்பெண்ணும் பின்னதற்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. ஆனால் இவற்றின் மூலக் கருத்து மாணவரை மதிப்பிடுவதற்காகப் பிறந்ததன்று. 1967-ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி எழுதியபோது இந்த வேறுபாட்டைக் காட்டினார். உருவாகும்போது திருத்துவதற்காகச் செய்வது வளரறி மதிப்பீடு. முடிந்தபின் தரத்தைத் தீர்ப்பதற்காகச் செய்வது தொகுத்தறி மதிப்பீடு. பெஞ்சமின் புளூம் போன்றோர் பின்னர் இதை மாணவர் கற்றலுக்கு விரிவுபடுத்தினர். பயனர் சோதனை என்பது முதற்பொருளில் வளரறி மதிப்பீடே ஆகும். இங்கே தேர்வு எழுதுவது பொருள், மாணவர் அன்று.

கருத்துக் கேட்பும் சோதனையும்

2017 நவம்பரில் தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்ட வரைவு இணையத்தில் வெளியிடப்பட்டு, ஆசிரியர்களிடமும் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. இது பயனுள்ள நடைமுறை. எனினும் கருத்துக் கேட்பு வேறு, பயனர் சோதனை வேறு. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்வார்கள். சோதனையில் பிள்ளை சொல்வதைவிடச் செய்வதே முதன்மையான சான்று.

எடுத்துக்காட்டாக, மூன்றாம் வகுப்புக்கான செயலி ஒன்றில் "பின்வருவனவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடுக்க" என்ற வினா இருப்பதாகக் கொள்வோம். மா, பலா, வாழை, நாற்காலி என்னும் நான்கு படங்களில் எது சேராது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனால் வினாவின் நடை புரியாததால் அது விழிக்கும். செயலி அதைத் தவறான விடையாகப் பதிவு செய்துகொள்ளும். அருகில் இருந்து பார்ப்பவருக்கு மட்டுமே தவறு வினாவில் இருப்பது தெரியவரும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடைவெளி உள்ளதால், தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்ப் பொருள்களில் இது தனிக் கவனம் பெற வேண்டிய செய்தியாகும்.

சோதனையின் படிகள்

வால்டர் டிக், லூ கேரி ஆகியோர் வகுத்த கற்பித்தல் வடிவமைப்பு முறையில் மூன்று படிகள் உள்ளன.

1. ஒருவருக்கு ஒருவர்: வெவ்வேறு திறன் நிலையில் உள்ள இரண்டு, மூன்று மாணவர்களுடன் தனித்தனியே அமர்ந்து கவனித்தல். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுமாறு மாணவரைக் கேட்பதும் உண்டு. புரியாத சொல், குழப்பும் படம் போன்றவை இங்கே பிடிபடும்.

2. சிறு குழு: ஏறத்தாழ 8 முதல் 20 பேரிடம், உருவாக்கியவரின் உதவியின்றிப் பயன்படுத்தச் செய்தல். முதற்படியில் செய்த திருத்தம் பலன் தந்ததா என்பது இதில் தெரியும்.

3. களச் சோதனை: உண்மையான வகுப்பறையில், வழக்கமான ஆசிரியரைக் கொண்டு, வழக்கமான பாடவேளையில் நடத்துதல்.

திருச்சி மன்னார்புரத்தை அடுத்த காஜாமலையில், பாரதிதாசன் பல்கலைக்கழக வளாகத்தில் கல்வித் தொழில்நுட்பத் துறை இயங்குகிறது. இத்தகைய துறைகளின் மாணவர்கள் உருவாக்கும் சிறு கற்றல் தொகுப்புக்கும் இதே படிகள் பொருந்தும்.

உலகில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு

அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன்பே சோதிக்கப்பட்டது. ஆய்வுப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்மர், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை வைத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை அதில் வேறு வேறு படங்களைக் காட்டினார். பிள்ளையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டு விலகுகிறது என்று குறித்துக்கொண்டார். மனிதர்கள் மட்டும் தோன்றும் தெருக் காட்சிகளில் கவனம் சிதறுவது தெரிந்தது. கற்பனைப் பாத்திரங்களை உண்மை மனிதர்களோடு கலக்கக் கூடாது என்று வல்லுநர்கள் முன்பு கூறியிருந்தனர். சோதனைக்குப் பின் அந்த அறிவுரை கைவிடப்பட்டு, 'பிக் பேர்ட்' போன்ற பொம்மைப் பாத்திரங்கள் தெருவுக்குள் வந்தன.

தமிழ்நாட்டு அனுபவம்: செயல்வழிக் கற்றல்

ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டை, ஏணிப்படி முறையைப் பின்பற்றி, 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம். பி. விஜயகுமார். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளில் தரப்பட்டது. பிள்ளைகள் பாயில் குழுவாக அமர்ந்து, தத்தம் வேகத்தில் ஏணியில் ஏறினர். அட்டைகளை உருவாக்கியதில் வகுப்பறை ஆசிரியர்களுக்கே பெரும்பங்கு இருந்தது. அடுத்து இம்முறை மாநகராட்சியின் பிற பள்ளிகளுக்கும், பின்னர் ஒன்றியத்துக்குச் சில பள்ளிகள் என்ற அளவில் மாநிலம் முழுவதற்கும் கொண்டு செல்லப்பட்டது. 2007-08-இல் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளை எட்டியது.

படிப்படியாக விரிந்தது இதன் சிறப்பு. ஆனால் ஆர்வமுள்ள ஆசிரியர்களோடும் நெருக்கமான மேற்பார்வையோடும் சில பள்ளிகளில் கிடைக்கும் பலன், எல்லாப் பள்ளிகளிலும் அப்படியே கிடைத்துவிடாது. ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் உள்ள பிள்ளை நின்றுவிடும். ஓராசிரியர் அல்லது ஈராசிரியர் பள்ளியில் பல குழுக்களை ஒரே நேரத்தில் கவனிப்பதும் கடினம். பின்னாளில் இம்முறை எளிமைப்படுத்தப்பட்டது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் பயிற்சி ஏடுகளைத் தந்தது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது: பொருள் எந்தச் சூழலில் பயன்படப் போகிறதோ அந்தச் சூழலில் அதைச் சோதிக்க வேண்டும். மாநகரப் பள்ளியோடு, மணிகண்டம், அந்தநல்லூர் போன்ற ஒன்றியங்களின் சிற்றூர்ப் பள்ளியும் சோதனையில் இடம்பெற வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் ஆசிரியர் தேர்ந்து அனுப்பினால், குறைகள் மறைந்தே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

• பிள்ளை தடுமாறும்போது உடனே உதவக் கூடாது. தடுமாறும் இடமே தேடப்படும் தகவல்.

• "உன்னைச் சோதிக்கவில்லை, இந்தப் புத்தகத்தைத்தான் சோதிக்கிறோம்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் எழுந்து செல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு.

• பெற்றோர் ஒப்புதல் தேவை. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது.

• திருத்துவதற்குக் காலமும் பணமும் ஒதுக்கிய பின்பே சோதனையைத் தொடங்க வேண்டும். அச்சுக்குப் போகும் முந்தைய வாரம் நடத்தப்படும் சோதனையால் எதையும் மாற்ற இயலாது.