நாயின் வறட்டு இருமலும் மூச்சுக்குழல் ஒடுக்கமும்

இன்ஜின் வைத்து நீர் இறைக்கும் உழவர்களுக்குத் தெரிந்த ஒன்று: உறிஞ்சு குழாயின் சுவரில் கம்பிச் சுருள் இருக்கும். அந்தக் கம்பி துருப்பிடித்து வலுவிழந்துவிட்டால், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் குழாய் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், நீர் ஏறாது. சிறிய இன நாய்களுக்கு நடுவயதில் வரும் ஒருவகை வறட்டு இருமலுக்கும் இத்தகைய குறையே காரணமாகும். இதை மூச்சுக்குழல் ஒடுக்கம் எனலாம்.

பயிரைப் பற்றி எழுதுபவன் நாயைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. என் தந்தையாரின் தோட்டத்தில் ஏழு வயதுள்ள வெள்ளைப் பொமரேனியன் நாய் ஒன்று இருந்தது. ஒருநாள் அது விடாமல் இருமியது. எலும்பு சிக்கிக்கொண்டது என்று எண்ணி நான் கால்களைப் பிடித்துக்கொள்ள, தந்தையார் அதன் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று நல்லெண்ணெய் புகட்டினோம். நாய்க்குப் புரையேறி, நாக்கு நீலம் பாய்ந்தது. எப்படியோ பிழைத்தது. மறுநாள் கால்நடை மருத்துவர் நாயைப் பார்த்தவுடன், மருந்து எழுதுமுன் அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றினார். நாங்கள் செய்தவை அனைத்தும் தவறு என்பதை அன்று அறிந்தேன். அவரிடம் கேட்டும், பின்னர் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

நோயின் தன்மை

நாயின் மூச்சுக்குழலில் ஏறத்தாழ 35 முதல் 45 குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. இவை முழு வளையங்கள் அல்ல. கதிர் அரிவாளின் வளைவைப் போல ஒரு பக்கம் திறந்தவை. முதுகுப்புறம் உள்ள இந்தத் திறப்பை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். சில நாய்களில் இந்தக் குருத்தெலும்பு நீர்ப்பசையும் விறைப்பும் குன்றி நெகிழ்ந்துவிடுகிறது. அப்போது வளையம் தட்டையாகிச் சவ்வு உள்ளே தொங்குகிறது. கழுத்துப் பகுதியில் உள்ள குழல் மூச்சை உள்ளே இழுக்கும்போதும், மார்புப் பகுதியில் உள்ள குழல் மூச்சை வெளியே விடும்போதும் ஒடுங்கும்.

ஒடுங்கிய சுவர்கள் ஒன்றோடொன்று உரசுவதால் இருமல் வருகிறது. இருமலால் உட்சுவர் வீங்குகிறது. வீக்கத்தால் மேலும் இருமல் வருகிறது. இருமலே இருமலை வளர்க்கும் இந்தச் சுழற்சியைத் துண்டிப்பதே மருத்துவத்தின் நோக்கம்.

பொமரேனியன், பக், சிவாவா, யார்க்ஷயர் டெரியர் போன்ற சிறிய இனங்களில் இந்நோய் மிகுதி. பிறவியிலேயே அமைந்த குறை நடுவயதில் வெளிப்படுகிறது என்று கருதப்படுகிறது. எனவே நோயுள்ள நாயை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாதிருப்பது நலம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற பெரிய நாட்டு இனங்களில் இது அரிது. அவை இருமினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அறிகுறிகள்

வாத்து கத்துவது போன்ற ஒலியுடன் கூடிய வறட்டு இருமலே முதன்மையான அறிகுறி. வீட்டார் வரும்போது துள்ளிக் குதித்தாலும், கயிற்றை இழுத்தாலும், நீர் குடித்தாலும், புகை பட்டாலும் இருமல் எழும். இருமலின் முடிவில் வாந்தி எடுப்பது போல ஓங்கரிக்கும். நோய் முற்றினால் சிறிது ஓடியதும் களைத்துப் படுக்கும். மயங்கி விழுவதும் உண்டு.

இருமும் நாய்க்கெல்லாம் இந்நோய்தான் என்று கொள்ளக் கூடாது. இதய நோய், நுரையீரல் அழற்சி, தொற்று இருமல் ஆகியவற்றிலும் நாய் இருமும். வேறுபாட்டை மருத்துவரே அறிய முடியும்.

வாயில் கை விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வெறிநோய் கண்ட நாயும் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே தோன்றும். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறும், விழுங்க முடியாது. கடிக்க வேண்டும் என்பதில்லை. கையில் உள்ள சிறு கீறலில் எச்சில் பட்டாலே போதும். வெறிநோய் வந்தபின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. ஐயத்திற்குரிய நாயின் எச்சில் கீறலில் பட்டுவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு நாய்க்கு மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கழுத்துக் கட்டை நீக்குக: பூட்டாங்கயிறு எருதின் தொண்டையை இறுக்க எந்த உழவரும் விடமாட்டார். அதே கவனம் நாய்க்கும் வேண்டும். கழுத்துக் கயிறு இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் உள்ள நோயை முற்றச் செய்கிறது. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி வருமாறு அகலமான பருத்திப் பட்டை கட்டி, கயிற்றை முதுகுப்புறத்தில் மாட்டலாம். முன்புறம் வரும் பட்டை நெஞ்சில் படிய வேண்டும். தொண்டையில் ஏறக் கூடாது.

2. எடையைக் குறைக்க: 6 கிலோ நாய் 1 கிலோ கூடுவது, 60 கிலோ மனிதர் 10 கிலோ கூடுவதற்குச் சமம். கொழுப்பு மார்பை அழுத்தி மூச்சைத் தடுக்கும். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சோற்றின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிஸ்கட், வடை முதலிய தீனிகளை நிறுத்த வேண்டும். பட்டினி போடக் கூடாது.

3. புகையும் தூசியும் தவிர்க்க: விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி ஆகியவற்றின் புகை ஆகாது. கதிரடிக்கும் நாளிலும் மருந்து தெளிக்கும் நாளிலும் நாயைக் களத்திற்கும் வயலுக்கும் அழைத்துச் செல்ல வேண்டாம்.

4. வெப்பத்திலிருந்து காக்க: நாய் உடலெங்கும் வியர்ப்பதில்லை, இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. குழல் ஒடுங்கிய நாய்க்கு இரைப்பதே ஆபத்து. கோடையில் காலை, மாலை மட்டும் நடக்க விட்டு, பகலில் மர நிழலில் நீர் வைத்துக் கட்ட வேண்டும்.

செய்யக் கூடாதவை

எண்ணெய், கஷாயம் முதலியவற்றை இருமும் நாய்க்குப் புகட்டக் கூடாது. மாட்டுக்கு மருந்து புகட்டும்போது புரையேறினால் நுரையீரல் கெடுவது போலவே நாய்க்கும் கெடும். மனிதருக்கான இருமல் மருந்துகளையும், பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளையும் தாமாகக் கொடுக்கக் கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

மருத்துவம்

மருத்துவமனைக்குச் சென்றதும் நாய் இருமலை நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே இருமும்போது கைப்பேசியில் ஒலியுடன் படமெடுத்துச் சென்று காட்டுவது பெரிதும் உதவும். எக்ஸ்ரே படம் மூலம் நோயை அறியலாம். ஆனால் மூச்சை இழுக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் தனித்தனியே படமெடுக்க வேண்டும். ஒரே படத்தில் ஒடுக்கம் தெரியாமல் போகலாம். வசதி இல்லாத இடங்களிலிருந்து சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்லலாம்.

இருமலைத் தணிக்கும் மருந்து, வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, மூச்சுக்கிளைகளை விரிக்கும் மருந்து ஆகியவற்றை நிலைக்கேற்ப மருத்துவர் கொடுப்பார். பெரும்பாலான நாய்கள் மருந்தாலும் மேற்கண்ட பராமரிப்பாலும் நன்றாகவே வாழும். இவற்றுக்கு அடங்காத நாய்களுக்குக் குழலின் வெளியே வளையம் தைப்பதோ, உள்ளே வலைக்குழாய் வைப்பதோ உண்டு. இவை செலவும் சிக்கலும் மிகுந்தவை. நெகிழ்ந்த குருத்தெலும்பை மீண்டும் விறைப்பாக்கும் மருந்து இல்லை.

நாக்கும் ஈறும் நீலமானால் அது அவசர நிலை. நாயைத் தூக்கி உலுக்காமல், கூட்டம் சேர்க்காமல், கழுத்தில் உள்ளதை அவிழ்த்துக் காற்றோட்டமான நிழலில் விட வேண்டும். உடல் சூடாயிருந்தால் நீரால் நனைத்து விசிற வேண்டும். தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எங்கள் வெள்ளை நாய் அதன்பின் நான்கு ஆண்டுகள் இருந்தது. இருமல் முழுமையாக நிற்கவில்லை. ஆனால் இரவில் தானும் உறங்கி, எங்களையும் உறங்க விட்டது. உங்கள் நாய் இருமினால் முதலில் கழுத்துக் கயிற்றை அவிழுங்கள். காசில்லாமல் அன்றைக்கே செய்யக்கூடிய உதவி அதுதான்.