பால் ஏரியும் பளிங்கு ஏரியும்
ஃபாசல்ஃபாட் ஏரிகள், டிரோல் மாநிலம், ஆஸ்திரியா

அருகருகே கிடக்கும் ஏரிகள்தான். ஆனால் சில பால் கரைத்ததுபோல் கலங்கியிருக்கும், சில அடிவரை தெரியும். கலங்கலுக்குக் காரணம் சேறல்ல, கல்மாவு. பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை அம்மிபோல் அரைக்கிறது. உருகிவரும் நீர் அந்த மாவை ஏரியில் கொண்டுவந்து சேர்க்கிறது. துகள் மிக நுண்மையானது என்பதால் சீக்கிரம் படியாது. தெளிந்த ஏரிகளோ, பனியாறு பின்வாங்கியதால் அதன் நீர்த்தொடர்பை இழந்தவை.

இங்கு வாழும் பாக்டீரியாக்களுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். கலங்கிய நீருக்குள் வெளிச்சம் ஆழமாக இறங்காது. பாக்டீரியாவைத் தின்று வாழும் கசையிழை நுண்ணுயிர்களுக்கும் அங்கே திண்டாட்டம்தான். இரைக்கு நடுவே எங்கும் கல்லாக இருந்தால் பந்தி எப்படி நடக்கும்? தெளிந்த ஏரியில் தொல்லை மேலிருந்து வருகிறது: உயர்மலை வெயிலின் புற ஊதாக் கதிர் தடையின்றி உள்ளே பாய்கிறது.

2016-இல் வெளியான இன்ஸ்புரூக் பல்கலைக்கழக ஆய்வு, இரு வகை ஏரிகளின் பாக்டீரியாக் கூட்டங்களும் வேறுபடுவதைக் காட்டியது. பனியாறு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. பால் ஏரிகளும் ஒவ்வொன்றாகத் தெளியும், குடியிருப்போரும் மாறுவார்கள்.