ஆபரேஷனுக்கு தேதி குறிச்சாச்சா? பக்கவாதம் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்!

என் பெரியப்பாவுக்கு குடலிறக்க ஆபரேஷன். ஹெர்னியா என்றால் எல்லோருக்கும் தெரியும். `சின்ன ஆபரேஷன்தான், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்' என்றார்கள். சொன்னபடி இரண்டாவது நாள் வீட்டுக்கும் வந்துவிட்டார். நான்காவது நாள் காலையில், காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. ``என்னங்க, பார்த்துப் பிடிக்கக் கூடாதா?'' என்று பெரியம்மா கேட்டதற்கு, அவர் சொன்ன பதில் குழறலாக வந்தது.

``மயக்க மருந்து கொடுத்த அசதி இன்னும் போகல போல. கொஞ்ச நேரம் படுங்க'' என்று படுக்கவைத்திருக்கிறார் பெரியம்மா. சாயங்காலம் பார்த்தால் ஒரு பக்க வாய் கோணியிருக்கிறது, கை தூக்க வரவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ஏறக்குறைய 9 மணி நேரம் ஓடிவிட்டது. இரண்டு வருடங்கள் கழித்து, இன்று பெரியப்பா கைத்தடியுடன் நடக்கிறார். யோசித்து யோசித்துத்தான் பேசுகிறார்.

பெரியம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு பக்கவாதம் வரலாம் என்று அந்த வீட்டில் ஒருவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் வீட்டிலும் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பயமுறுத்த இல்லை, கேட்க வேண்டியதை கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதற்காக.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

முதலில் நல்ல செய்தி. இதயம், மூளை, கழுத்து ரத்தக்குழாய் சம்பந்தப்படாத சாதாரண ஆபரேஷன்களில் பக்கவாதம் வருவது அரிது. ஆயிரம் பேரில் ஒருவருக்கோ சிலருக்கோதான் வருகிறது. பைபாஸ் போன்ற இதய ஆபரேஷன்களில் இது 100 பேரில் ஒன்றிரண்டு பேர் என்ற அளவுக்கு உயர்கிறது.

ஆனால், வெளியே தெரியாத பக்கவாதம் என்று ஒன்று இருக்கிறது. கை, கால் விழாது, வாய் கோணாது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால்தான் தெரியும். 65 வயதைத் தாண்டியவர்களை இதயம் சாராத ஆபரேஷனுக்குப் பிறகு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்த `நியூரோவிஷன்' என்ற பன்னாட்டு ஆய்வு, 2019-ல் `லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அதில் 14 பேரில் ஒருவருக்கு இப்படிப்பட்ட சத்தமில்லாத பக்கவாதம் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஞாபகசக்தி, சிந்திக்கும் திறன் குறைந்திருந்ததும் இவர்களிடம்தான் அதிகம். `ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா முன்ன மாதிரி இல்ல' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதில் சிலவற்றுக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஆபரேஷன் வயிற்றில்... அடைப்பு மூளையில்... எப்படி?

உடம்பில் கத்தி பட்டதும், ரத்தப்போக்கை நிறுத்த ரத்தம் வேகமாக உறையத் தயாராகிறது. காயம் ஆறுவதற்கு இது தேவை. ஆனால், அந்த `உறையும் குணம்' காயத்தோடு நிற்பதில்லை, உடம்பு முழுக்கச் சில நாள்கள், சில வாரங்கள்கூட இருக்கும். கூடவே வெறும் வயிறு, நீர்ச்சத்துக் குறைவு, படுத்தே இருப்பது, மயக்க மருந்தின்போது ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஏற்கெனவே கழுத்திலோ மூளையிலோ ரத்தக்குழாய் சுருங்கியிருப்பவருக்கு, அழுத்தம் இறங்கினால் அந்தப் பகுதிக்கு ரத்தம் போதாமல் போகலாம்.

இன்னொரு முக்கியமான காரணம், சீரற்ற இதயத்துடிப்பு. `ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று துடிக்கும்போது, அங்கே ரத்தம் தேங்கி கட்டியாகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தப் பிரச்னை இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு. இதுவரை இல்லாதவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இது புதிதாக வரலாம். இதய ஆபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒருவர் வரைகூட வருகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்திருக்கும். இந்தப் பக்கவாதங்களில் பெரும்பாலானவை ஆபரேஷன் டேபிளில் வருவதில்லை. அதற்குப் பிறகு வார்டிலோ, வீட்டிலோ வருகின்றன. ஆபரேஷன் நடந்து 30 நாள்கள் வரை வருவதை மருத்துவர்கள் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். `தியேட்டர்ல இருந்து நல்லபடியா வெளிய வந்துட்டார்' என்று நாம் நிம்மதியாகும் நேரத்தில்தான் கவனம் தேவைப்படுகிறது.

யாருக்கு அபாயம் அதிகம்?

* ஏற்கெனவே பக்கவாதமோ, சில நிமிடங்களில் சரியாகிவிட்ட `மினி ஸ்ட்ரோக்'கோ வந்தவர்கள்
* வயதானவர்கள்
* சீரற்ற இதயத்துடிப்பு, வால்வு பிரச்னை உள்ளவர்கள்
* கட்டுக்குள் இல்லாத பி.பி, சர்க்கரை உள்ளவர்கள்
* சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்
* புகைபிடிப்பவர்கள்

இதில் முதல் வரிதான் ரொம்ப முக்கியம். பக்கவாதம் வந்து சில மாதங்களுக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்தால், மறுபடியும் பக்கவாதம் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அதனால், தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் குறைந்தது 6 மாதங்கள், முடிந்தால் 9 மாதங்கள் காத்திருக்கலாம் என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2021 அறிக்கை சொன்னது. 3 மாதங்களுக்குப் பிறகே அபாயம் பெருமளவு குறைந்துவிடுகிறது என்று அதற்குப் பின் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மூட்டு மாற்று ஆபரேஷன் காத்திருக்கும். குடல் அடைப்பு காத்திருக்காது. எனவே, எவ்வளவு நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால், `மூணு வருஷத்துக்கு முன்ன ஒருதடவை கை மரத்துப்போய் அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு' என்பதை அவரிடம் சொல்ல வேண்டியது நாம்தான்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை... நிறுத்துவதா, வேண்டாமா?

என் பெரியப்பா கதையில் சிக்கல் இங்கேதான். அவருக்குச் சீரற்ற இதயத்துடிப்பு இருந்தது. அதற்கான மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். `அந்த மாத்திரையை நிறுத்திட்டு வாங்க' என்று மருத்துவமனையில் வாய்மொழியாகச் சொன்னார்கள். எத்தனை நாள் முன்பு என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை, அன்று இரவே நிறுத்திவிட்டார். நடுவில் ஆபரேஷன் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது. மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இல்லை. ஆக மொத்தம் 15 நாள்கள் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். அது மட்டும்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அதைத் தவிர்த்திருக்கலாம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எல்லா மாத்திரைக்கும் ஒரே கணக்கு இல்லை: வார்ஃபரின் என்றால் பொதுவாக 5 நாள்கள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகேட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் 1 அல்லது 2 நாள்களே போதும்; சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் கூடலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கணக்கு வேறு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் இவற்றை நிறுத்தவே கூடாது.

எல்லா சிகிச்சைக்கும் நிறுத்த வேண்டியதில்லை: கண்புரை ஆபரேஷன், ஒரு பல் பிடுங்குவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே செய்துவிட முடியும். பல் டாக்டரிடம் போவதற்காக நாமாகவே ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துவது தேவையில்லாத ஆபத்து.

இடையில் ஊசி எல்லோருக்கும் வேண்டாம்: வார்ஃபரினை நிறுத்திய நாள்களில் ஹெப்பாரின் ஊசி போடுவது முன்பு பரவலான வழக்கம். சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட `பிரிட்ஜ்' ஆய்வு 2015-ல் வெளியானது. ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பிலும் ரத்தக்கட்டியால் வரும் பாதிப்பு கிட்டத்தட்ட சமம். ஆனால், பெரிய ரத்தப்போக்கு ஊசி போட்டவர்களில் 3.2 சதவிகிதம், போடாதவர்களில் 1.3 சதவிகிதம். செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் ஊசி தேவைப்படலாம்.

மறுபடி ஆரம்பிக்கும் நாள்: ரத்தப்போக்கு அபாயம் குறைவான ஆபரேஷன் என்றால் சுமார் ஒரு நாளிலும், அதிகமென்றால் 2, 3 நாள்களிலும் பெரும்பாலும் ஆரம்பித்துவிடுவார்கள். நிறுத்தும் தேதி, ஆரம்பிக்கும் தேதி இரண்டையும் பேப்பரில் எழுதி வாங்குங்கள். தேதி தள்ளிப்போனால், `இப்போ மாத்திரையைத் தொடரலாமா?' என்று உடனே போன் செய்து கேளுங்கள்.

பி.பி மாத்திரை விஷயத்தில் இன்னொரு பாடம்

ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு, இதயத்தைப் பாதுகாக்க மெட்டோப்ரோலால் மாத்திரையை அதிக அளவில் புதிதாக ஆரம்பித்தால் என்ன ஆகும்? 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தது `பாய்ஸ்' ஆய்வு. 2008-ல் வந்த முடிவு மருத்துவர்களையே திகைக்கவைத்தது. மாரடைப்பு குறைந்தது, ஆனால், பக்கவாதம் இரு மடங்கானது. மரணங்களும் கூடின. அழுத்தம் அதிகமாக இறங்கியது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதை வைத்து, ஏற்கெனவே சாப்பிடும் மெட்டோப்ரோலாலை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரையையும் பொதுவாகத் தொடரவே சொல்வார்கள். சில வகை பி.பி மாத்திரைகளை மட்டும் ஆபரேஷன் அன்று காலையில் தவிர்க்கச் சொல்லலாம். எது எது என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் அவரைப் பார்ப்பதை, `ஃபிட்னஸ்ல கையெழுத்து வாங்கணும்' என்ற சடங்காக நினைக்க வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போய் அவர் மேஜையில் கொட்டிவிடுங்கள். சித்தா, ஆயுர்வேத மருந்துகள் உட்பட.

புகைபிடிப்பவராக இருந்தால், குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பாவது விட்டுவிடுங்கள். காயம் ஆறுவது முதல் நுரையீரல் வரை எல்லாவற்றுக்கும் நல்லது.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

திடீரென முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மயக்க மருந்தின் அசதி என்றால் உடம்பு முழுக்கத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருக்காது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் என் பெரியம்மா அன்று காலையிலேயே ஆட்டோ பிடித்திருப்பார்.

உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறலாம். நீங்களாக ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சி.டி ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். மூளையில் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், ஒரு நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன.

பொதுவாக, அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால், பெரிய ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரங்களுக்குள் இருப்பவர்களுக்கு ரத்தப்போக்கு அபாயத்தால் அந்த ஊசியைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அதற்காக வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொடை வழியாகக் குழாய் செலுத்தி, மூளையிலுள்ள கட்டியை வெளியே எடுக்கும் `த்ராம்பெக்டமி' சிகிச்சை இவர்களுக்கும் பயன்படலாம். பொதுவாக 6 மணி நேரத்துக்குள். ஸ்கேன் முடிவைப் பொறுத்து சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. அதனால், அந்த வசதி உள்ள மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று ஆபரேஷனுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். போனதும், `இத்தனை நாளுக்கு முன்ன ஆபரேஷன் ஆச்சு, இந்த மாத்திரையை நிறுத்தியிருக்கோம்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தேதி குறிக்கும் முன் கேட்க 5 கேள்விகள்

1. இந்த ஆபரேஷனை இப்போதே செய்ய வேண்டுமா, தள்ளிப்போடலாமா?
2. என் உடல்நிலைக்குப் பக்கவாத அபாயம் எவ்வளவு?
3. எந்த மாத்திரையை, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?
4. எந்தத் தேதியில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்?
5. வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது என்றால், இரவிலும் யாரை அழைப்பது?

`டாக்டர்கிட்ட இவ்ளோ கேள்வி கேட்டா கோச்சுக்க மாட்டாரா?' என்று பெரியம்மா இன்றும் கேட்பார். போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். இந்த ஐந்தையும் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பதில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போதும் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.