டைப் எரர் என்றால் டைப் அடித்ததில் தப்பா?



மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டில் என் பாட்டி இருக்கிறார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனால் தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ்ப் பேப்பர் படிப்பார். கோடை விடுமுறையில் அக்காவும் நானும் ஒரு யோசனை செய்தோம். கூடத்துக் கம்ப்யூட்டரில் நாங்கள் அடிப்பது பாட்டி ரூமில் இருக்கும் லேப்டாப்பில் பெரிய எழுத்தில் தெரியவேண்டும். பைதானில் இதற்கு 'சாக்கெட்' என்று ஒன்று உண்டு. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வழி அது.

எழுதி ஓட்டினோம். 'டைப் எரர்' என்று வந்தது. நான் எங்கேயோ தப்பா அடிச்சிட்டேன்னு எழுத்தெழுத்தாத் தேடினேன். அக்கா சிரித்தாள். "ஏய், டைப்னா இங்க வகை டி. அது கேட்ட வகை ஒண்ணு, நீ குடுத்த வகை வேற."

மூன்று முறை மாட்டினோம்.

1. சேரவேண்டிய இடத்துக்கு ஐபி முகவரி, போர்ட் எண் இரண்டும் வேண்டும். ஒரே வீட்டில் பல குடித்தனம் இருந்தால் வீட்டு முகவரியோடு எந்த போர்ஷன் என்றும் சொல்லவேண்டும் அல்லவா, அதுபோல. நான் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தேன். 'கனெக்ட்' ஒன்றைத்தான் வாங்கும். இன்னொரு அடைப்புக்குறி போட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டினோம்.

2. போர்ட் எண் 5000. அதை இன்புட் மூலம் வாங்கினேன். அப்படி வாங்குவது எண்ணாக இருந்தாலும் பைதான் அதை எழுத்தாகத்தான் வைத்திருக்கும். 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றினோம்.

3. செய்தியை அனுப்பினால் மறுபடி எரர்! அக்காவின் புத்தகம் பைதான் 2 காலத்தது. அதில் எழுத்தை அப்படியே அனுப்பலாம். 2008 டிசம்பரில் வந்த பைதான் 3 எழுத்து வேறு, பைட் வேறு என்று பிரித்துவிட்டது. சாக்கெட்டில் பைட்தான் போகும். மேற்கோளுக்கு முன்னால் 'பி' போட்டால் ஆங்கிலம் போனது, தமிழ் போகவில்லை.

"இங்கிலீஷ்லயே அனுப்பிடலாம் டி" என்றாள் அக்கா. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாதே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு எரரின் கடைசி வரியை நிதானமாகப் படித்தோம். 'பைட் வேண்டும், எழுத்து அல்ல' என்றுதான் இருந்தது. அனுப்பும் பக்கம் 'என்கோட்' போட்டு யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றினோம். வாங்கும் பக்கம் 'டிகோட்' போட்டு மறுபடி எழுத்தாக்கினோம்.

'பாட்டி, காபி ரெடி' என்று அனுப்பினேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "ரெடின்னா கொண்டு வாடி!"

ஆகவே நண்பர்களே, எரர் வந்தால் பயப்படாதீர்கள். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன கேட்டது, என்ன கொடுத்தோம் என்று அதிலேயே இருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?
'பாட்டி' நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 6 குறிகள் (ப, கால், ட, புள்ளி, ட, இகரக் குறி). ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மொத்தம் 18 பைட்!


– ஒன்பதாம் வகுப்பு மாணவி