வேப்பிலை கசக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்

மேட்டூர் தண்ணீர் வந்து வயல்கள் பச்சை கட்டும் நாட்களில் எங்கள் அவசரப் பிரிவுக்குப் பாம்புக்கடியோடு வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அதைத் தடுக்க முடியாது. என்னால் தாங்க முடியாதது அவர்கள் வந்து சேரும் நேரம். விடியற்காலையில் கடித்திருக்கும், மதியம்தான் கொண்டுவருவார்கள். காலில் கயிறு இறுகிக் கிடக்கும், பிளேடால் கீறிய இடத்தில் பச்சிலை அப்பியிருக்கும், கண் இமை தொங்கிப்போயிருக்கும். இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்றால், "மந்திரிக்கப் போயிருந்தோம் டாக்டர்" என்பார்கள்.

படித்தவர்களும் ஏன் போகிறார்கள்

கூட வருபவர்களில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. உயிர்பயம் வந்தவருக்குத் தெரிந்த முகம் வேண்டும். மந்திரிப்பவர் உள்ளூர்க்காரர், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பக்கத்தில் உட்காருவார். நாங்கள் சீட்டு எழுதுகிறோம், ஊசி குத்துகிறோம், உறவினர்களை வெளியே நிற்கச் சொல்கிறோம். இந்த இடத்தில் நாங்கள் மாற வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எங்கே போவது என்று முடிவெடுப்பவரும் பெரும்பாலும் கடிபட்டவராக இருப்பதில்லை. வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் நடக்கிறது.

"எங்க மாமா மந்திரிச்சுத்தான் பிழைச்சார்"

உண்மையாகவே பிழைத்திருப்பார். சாரைக்கும் தண்ணீர்ப்பாம்புக்கும் ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. நல்ல பாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். இப்படிப் பிழைத்த அத்தனை பேரும் மந்திரத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். இறந்தவரை மட்டும் "விதி முடிஞ்சிருச்சு" என்று தனியாக எழுதிவைக்கிறோம். நினைவு இப்படிக் கணக்குப் போட்டால் நம்பிக்கை எப்படிக் குறையும்?

வேப்பிலை கசந்தால் விஷம் ஏறவில்லை, மிளகாய் காரம் தெரிந்தால் பயமில்லை என்கிறார்கள். பயத்தில் வாய் உலர்ந்து, அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்லும் சுவையை நம்பியா ஓர் உயிரை நிறுத்திவைப்பது? கட்டுவிரியன் கடித்தவருக்கு நாக்கு நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அந்தக் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமல் போகலாம், பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். தரையில் படுத்தவர் நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்தால், "வாயுதான்" என்று சோடா கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். பிறகு இமை விழும், விழுங்க முடியாது, மூச்சு நிற்கும்.

கயிறு இறுக்கினால் ரத்தம் போகாமல் கால் அழுகிப்போகலாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, அந்த நேரத்தில் கீறினால் ரத்தம் நிற்காது. மருந்துக்கடையில் வாங்கித் தரும் சில வலி மாத்திரைகளும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள், எதையும் தடவாதீர்கள்!

பாம்பை அடித்துத் தூக்கிவரவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில், 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு.

பரிசோதனை

ரத்தத்தை உறையவிடாத விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று 20 நிமிடம் கழித்துப் பார்ப்போம்.

வீடு திரும்பிய பிறகு

ஊசி போட்டு அனுப்பினால் முடிந்தது என்று நாங்களும் நினைத்திருந்தோம். இலங்கையில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பாம்புக்கடியிலிருந்து பிழைத்தவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இங்கேயும் பார்க்கிறேன். நடவுக்குப் போகும் அம்மா வரப்பில் கால் வைக்க நடுங்குகிறார், தூக்கத்தில் கத்துகிறார். "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்யாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கையெடுத்துக் கேட்கிறேன்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு, பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அறிவிப்பு ஊர் எல்லையோடு நின்றுவிடக் கூடாது.

இரவில் வரப்புக்குப் போனால் டார்ச்சும் கம்பும் எடுத்துப்போங்கள். வைக்கோல் போரில் கைவிடும் முன் ஒரு தட்டுத் தட்டுங்கள். கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிவிட்டாவது படுங்கள். கடித்துவிட்டால் காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். மந்திரிக்கிற ஐயாக்களே, உங்கள் பேச்சை ஊர் கேட்கிறது. வண்டி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தைரியம் சொல்லுங்கள், வண்டியில் நீங்களும் ஏறி வாருங்கள். உங்களை வெளியே நிற்கச் சொல்ல மாட்டேன்.