வளராமல் பிழைக்கும் நெல்

கார்த்திகை மாரி விடாமல் பெய்து, புங்குடுதீவு மடத்துவெளி வயல்களில் வெள்ளம் வடியாது நின்றால் இளம் பயிர் என்ன ஆகும்? மூச்சுத் திணறிச் சாகும் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது பெரும்பாலும் வளர்ந்தே சாகிறது.

நெல் இலையிலிருந்து எத்திலீன் என்ற வாயு எப்போதும் கசிந்து காற்றில் கலந்துகொண்டிருக்கும். நீருக்குள் அது வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் செல்லுக்கு வெள்ளச் செய்தி. உடனே ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் கை ஓங்குகிறது. வழமையாக எஸ்எல்ஆர்1 என்ற புரதம் செல்லின் உட்கருவில் இருந்தபடி வளர்ச்சிக்குக் கடிவாளம் போட்டிருக்கும். ஜிப்ரலின் தன் ஏற்பிப் புரதத்தோடு இணைந்து எஸ்எல்ஆர்1-ஐப் பற்றிக்கொண்டால், செல் அதைச் சிதைத்துவிடும். தடை நீங்கிய தண்டு நீர்மட்டத்தைத் தேடி நீள்கிறது. ஆழநீர் நெல்லுக்கு இது பலிக்கும். அது ஒரு நாளில் 20 சென்டிமீற்றருக்கு மேலும் நீளக்கூடியது. மற்ற நெல்லோ சேமித்த மாச்சத்தையெல்லாம் செலவழித்தும் மேலே எட்டாமல், ஓரிரு கிழமையில் ஓய்ந்துபோகிறது.

ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நெல்லோ இரண்டு கிழமை மூழ்கிக் கிடந்தும் துளிர்த்தது. காரணம் 2006இல் தெரியவந்தது: சப்1ஏ என்ற ஒழுங்குபடுத்தும் புரதம். எத்திலீன் தேங்கியதும் இதன் மரபணு விழிக்கிறது. எஸ்எல்ஆர்1 குறைய விடாமல் பெருகச் செய்கிறது. ஹார்மோன் ஏவினாலும் தண்டு அசையாது. மாச்சத்து மிஞ்சுகிறது, வெள்ளம் வடிந்தபின் புது இலை விட அதுவே முதல். ஒரே எத்திலீன் செய்தியை ஒரு நெல் ‘ஓடு’ என்றும் இன்னொன்று ‘பொறு’ என்றும் எடுத்துக்கொள்வது எனக்குத் தீராத வியப்பு.

மகசூல் நெல்களோடு கலப்புச் செய்து இந்த மரபணு பரப்பப்பட்டது. காவிரிப் படுகையில் பழகிய சிஆர்1009 நெல்லுக்கும் ஒரு சப்1 வடிவம் வந்திருக்கிறது. இலங்கையின் மரபு நெல்களான குர்க்கறுப்பன், தவலு, கொட ஹீனெட்டியும் வெள்ளம் தாங்குபவை என ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிவர். நம் விதைகளைக் காப்பாற்ற இதைவிடப் பெரிய நியாயம் வேண்டாம்.

ஆனால் தீவுகளில் வெள்ளத்தோடு உவரும் உண்டு. சப்1ஏ உப்பைத் தடுக்காது. அதற்குக் கேரளத்துப் பொக்காளி நெல்லின் சால்டோல் என்ற மரபணுப் பகுதி உதவுகிறது. இரண்டையும் ஒரே நெல்லில் சேர்க்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன.