கல்லூரியில் எந்தக் கதவைத் தட்டுவது?

பறித்து நட்ட நாற்று அன்றே நிமிர்ந்து நிற்பதில்லை. சில நாட்கள் தலைசாய்ந்து வாடி நின்ற பின்பே பச்சை பிடிக்கிறது. காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவை நடவு நடக்கும் நாட்களையொட்டியே நம் பிள்ளைகளும் பள்ளியினின்று கல்லூரிக்கு மாறுகின்றனர். வயலுக்குக் காட்டும் பொறுமையையும் கவனத்தையும் அவர்களுக்கும் காட்டுகிறோமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

கட்டணத்தைச் செலுத்தி, விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, "நன்றாகப் படி" என்று கூறித் திரும்பும் பெற்றோரே நம்மில் பலர். பாடம் புரியாவிட்டால் யாரைக் கேட்பது, உதவித்தொகை வராவிட்டால் எங்கே போவது, மனம் சோர்ந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றை நாம் சொல்லி அனுப்புவதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையெனில், சொல்லித்தர நமக்கும் தெரிவதில்லை.

நம் ஊர் கண்ட பாடம்

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, 1854-ஆம் ஆண்டில் பள்ளியாகத் தோன்றிப் பின்னர் கல்லூரியாக உயர்ந்து, 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று போற்றப்பட்டது. உ. வே. சாமிநாதையர் தமிழ் கற்பித்த இடம் அது. அங்கு 1904-ஆம் ஆண்டில், உதவித்தொகை பெற்ற மாணவராகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர்.

கணிதத்தில் மூழ்கிய அந்த இளைஞர் மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. தேர்வில் தவறினார், உதவித்தொகை நின்றது. பருவம் ஒன்றுக்கு 32 ரூபாய்க் கட்டணம் அக்குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. தாயார் கோமளத்தம்மாள் முதல்வரைக் கண்டு முறையிட்டும் விதி இடங்கொடுக்கவில்லை. 1905-இல், பதினேழு வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுவிட்டார் இராமானுஜன். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907-இல் மீண்டும் தேர்வில் தோற்றார்.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். முடியாமற் போனதற்குக் காரணம் என்ன? தம் கணக்கேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் தாமே வாசல் வாசலாகச் சென்று கேட்கத் தொடங்கினார். திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரைக் கண்டார். முன்பு கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த சேஷு ஐயரைக் கண்டார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914-இல் அவர் உண்மையான கேம்பிரிட்ஜுக்கே சென்றார்.

அறிவு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. இடையில் வந்து சேர்ந்தது, கேட்கும் துணிவும் கேட்டால் செவிசாய்க்கும் மனிதருமே. இராமானுஜன்கள் எல்லா வீட்டிலும் பிறப்பதில்லை. ஆனால் முதலாண்டில் திணறும் பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம்.

இன்று உள்ள கதவுகள்

அன்று சட்டமாகவோ அலுவலகமாகவோ இல்லாத பல உதவிகள் இன்று உள்ளன. அவற்றை அறிந்திருப்பது பெற்றோர் கடமை.

முதலாவது, ஆசிரியர். வகுப்புப் பொறுப்பாசிரியர் யார் என்பதை முதல் வாரத்திலேயே பிள்ளை அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்வழி படித்தவர்கள் ஆங்கிலப் பாடங்கள் கண்டு மருளும்போது முதலில் நாட வேண்டியவர் அவரே. தேர்வில் தவறிய பின் அன்று. வகுப்பில் புரியாத அன்றே.

இரண்டாவது, உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அதிலும் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்க்கு இடமுண்டு. திருச்சபை நடத்தும் பள்ளிகளுள் பல உதவிபெறும் பள்ளிகளே. நம் குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்க. ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பத்தினர்க்கும் மேற்படிப்பு உதவித்தொகையைத் தமிழக அரசு வழங்கி வந்துள்ளது. "கிறிஸ்தவர்க்குக் கிடையாது" என்று பிறர் கூறுவதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பெறுக. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணையாததால் பணம் வராமற் போவதும் உண்டு.

மூன்றாவது, பாதுகாப்பு. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்ட துயரத்தின் பின்னரே, தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் 1997-இல் பிறந்தது. 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் நாடு முழுவதும் அதைத் தடை செய்தன. 1800-180-5522 என்ற எண்ணில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்கும் குழு ஒன்று ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கட்டாயம்.

நான்காவது, மனநலம். மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2022-இல் தொடங்கிய சேவை இது. மனச்சோர்வு பக்திக் குறைவுமன்று, வளர்ப்பின் குறையுமன்று. காய்ச்சலுக்கு மருத்துவரைத் தேடுவது போலவே இதற்கும் உதவி தேட வேண்டும்.

பெற்றோர் செய்யக் கூடியவை

விடுதியிலிருந்து பிள்ளை பேசும்போது, "மதிப்பெண் எவ்வளவு?" என்பது முதற்கேள்வியாக இருத்தலாகாது. "சாப்பிட்டாயா? யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்போம். விடுமுறையில் வந்தவர் வாய்திறவாமல் மூலையில் முடங்கினால், அதைச் சோம்பல் என்று வசைபாடாமல் அருகில் அமர்வோம். தேர்வில் ஒரு பாடம் தவறினால் "ஊரார் என்ன சொல்வார்கள்" என்ற சொல்லை அறவே விலக்குவோம். வீட்டை விட்டு ஓடச் செய்வதும், அதனினும் கொடிய முடிவுகளுக்குத் தள்ளுவதும் பெரும்பாலும் அந்த அச்சமேயன்றோ?

பங்கிலும் இதற்கு வழியுண்டு. ஏற்கெனவே கல்லூரி முடித்த இளைஞர், புதிதாகச் சேர்ந்தவர்களை ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அமர்த்தி, விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழ் பெறவும் உதவலாம். படித்த ஒருவருக்கு அரைமணி நேரம். படிக்கப்போகும் ஒருவருக்கோ ஓராண்டே தப்பும்.

உதவி கேட்பது இழுக்கன்று. கேட்கத் தெரியாமல் வாடுவதுதான் இழப்பு. "சிக்கல் வந்தால் முதலில் எங்களிடம் சொல்; நாம் சேர்ந்தே வழி தேடுவோம்" என்ற ஒரு சொல்லைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்புவோம். பிள்ளை தட்ட வேண்டிய முதற்கதவு நம் வீட்டுக் கதவே. அது எந்நாளும் தாழிடப்படாமல் இருக்கட்டும்.